இணையக் கூட்டங்களில் இசை: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா காலத்தில் வேறு வழியின்றித் தொடங்கிய இணையக் கூட்டங்கள் இன்று இலக்கிய அமைப்புகள், ஓய்வூதியர் சங்கங்கள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், முன்னாள் மாணவர் மன்றங்கள் எனப் பலருக்கும் வழக்கமாகிவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால், அந்தக் கூட்டங்களில் போடப்படும் பின்னணி இசை பெரும்பாலும் இடைஞ்சலாகவே இருக்கிறது. ஒன்று, பேச்சை மூழ்கடிக்கிறது. இல்லாவிட்டால், தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளிந்து நெளிந்து கேட்கிறது. இணைய நிகழ்ச்சிகளுக்கு ஒலி ஏற்பாடு செய்பவர்கள் என்ற முறையில், கூட்டம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய சிலவற்றை எழுதுகிறோம். கட்டணக் கருவி எதுவும் தேவைப்படாத திருத்தங்கள் இவை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அடியில் இசை ஓடக் கூடாது. கூட்டம் தொடங்கும் முன், இடைவேளையில், முடிந்து எல்லோரும் விடைபெறும்போது என இந்த மூன்று இடங்களில்தான் அதற்கு வேலை. 'மென்மையாகத்தானே போடுகிறோம், கூட்டத்துக்கு ஒரு களை வருமே' என்று அமைப்பாளர்கள் கேட்பார்கள். மண்டபத்தில் அது சரி. பேச்சு மேடையிலிருந்து வருகிறது, இசை பக்கவாட்டுப் பெட்டியிலிருந்து வருகிறது. காது திசையை வைத்து இரண்டையும் பிரித்துக்கொள்ளும். செல்பேசியிலோ இரண்டும் விரல் நுனி அளவு ஸ்பீக்கர் ஒன்றிலிருந்தே வருகின்றன. பிரித்தறியக் காதுக்கு வழியில்லை. வலி, வளி, வழி மூன்றையும் வேறுபடுத்திக் காட்டும் ஒலிக்கூறுகள் நுட்பமானவை. புல்லாங்குழலும் வயலினும் அதே அலைவரிசைப் பகுதியில்தான் ஒலிக்கின்றன. காது சற்று மந்தமான முதியவர்களுக்கும் காதுகேள் கருவி அணிந்தவர்களுக்கும் பேச்சு அங்கேயே நழுவிவிடும். பேச்சைத் தானாக எழுத்தாக்கித் திரையில் காட்டும் எழுத்துரையை நம்பியிருப்பவர்களுக்கும் அதுவே நேர்கிறது. அடியில் இசை இருந்தால் அதில் பிழைகள் கூடிவிடும்.

இணைய உள்ளடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு வகுத்துள்ள வழிகாட்டு நெறிகளில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பதிவுசெய்யப்பட்ட பேச்சின் பின்னணி ஒலி, பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும். அதாவது, காதுக்கு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. யோகா, தியான வகுப்புகளைப் போல இசை இருந்தே ஆக வேண்டிய இடங்களுக்கு இந்த 20 டெசிபலை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மற்றக் கூட்டங்களில் பேச்சாளர் வாயைத் திறக்கும்போது இசை நின்றிருக்க வேண்டும்.

இனி, நெளிந்து கேட்பதற்கான காரணம். பலரும் லேப்டாப் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு, அதே லேப்டாப்பின் மைக் அதைப் பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பும் என்று எண்ணுகிறார்கள். ஜூம், மீட், டீம்ஸ் மூன்றிலும் எதிரொலி நீக்கி என்ற ஏற்பாடு இருக்கிறது. கணினியின் ஸ்பீக்கரிலிருந்து வெளியேறும் ஒலி மைக் வழியாகத் திரும்பி வந்தால் அதை அழிப்பதுதான் அதன் வேலை. நீங்கள் போடும் இசையையும் அது அப்படியே அழிக்கப் பார்க்கும். சரி, வேறொரு செல்பேசியில் ஓடவிட்டு மைக் பக்கத்தில் வைத்தால்? அப்போது இரைச்சல் நீக்கி குறுக்கே வரும். மின்விசிறி, ஏசி, தெருச் சத்தம் போன்றவற்றை விலக்கிவிட்டு மனிதக் குரலை மட்டும் விடுவதற்காகச் செய்யப்பட்டது அது. தம்புரா சுருதி ஏற்ற இறக்கமில்லாமல் ஒரே சீராக ஒலிப்பதால், மின்விசிறி இரைச்சல் என்று முடிவுகட்டி முதலில் அதைத்தான் துடைத்தெடுக்கும். வீணையில் மீட்டல் மட்டும் 'டங்' என்று கேட்கும், அதன் பின் நீளும் கார்வை அறுந்துபோகும். சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகம் முழுக்க அந்தக் கார்வையில்தானே இருக்கிறது! மீதி வருவது வீணையே அல்ல.

ஆகவே இசையை மைக் வழியே அனுப்பாதீர்கள். கணினிக்குள்ளிருந்தே நேராக அனுப்புங்கள். ஜூமில் 'ஷேர்' பொத்தானை அழுத்தி, 'அட்வான்ஸ்டு' பகுதிக்குப் போனால் கணினி ஒலியை மட்டும் பகிரும் வசதி இருக்கும். திரை மாறாது, உங்கள் முகமே தெரிந்துகொண்டிருக்க, இசை மட்டும் போகும். அழைப்பிதழையும் காட்ட வேண்டுமானால் வழக்கம்போலத் திரையைப் பகிர்ந்து, அந்தச் சாளரத்தின் கீழே உள்ள 'ஷேர் சவுண்ட்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். அந்த டிக்கை மறந்துவிட்டு, 'பாட்டுக் கேட்கிறதா, கேட்கிறதா' என்று ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருக்கும் கூட்டங்கள் நிறைய. கூகுள் மீட்டில் முழுத் திரையைப் பகிர்வதைவிட ஒரு குரோம் டேபைப் பகிர்வது நல்லது. டேபின் ஒலியையும் பகிரும் தேர்வு இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எம்பி3 கோப்பை வெற்று டேபில் இழுத்துப் போட்டாலே ஓடும். ஆனால் பார்ப்பவர்களுக்குக் கறுப்புத் திரைதான் தெரியும். கூகுள் ஸ்லைட்ஸில் அழைப்பிதழ்ப் படத்தை வைத்து, அதே பக்கத்தில் ஒலிக்கோப்பைச் சேர்த்து, அந்த டேபைப் பகிர்ந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். டீம்ஸில் பகிரும்போது 'இன்க்ளூட் சவுண்ட்' என்பதை இயக்க வேண்டும்.

யாராவது நேரில் பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள் என்றால் அந்த ஒலி மைக் வழியேதான் வர முடியும். அப்போது பாடுபவருடைய ஜூமில் ஆடியோ அமைப்புக்குள் சென்று, இசைக் கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கூட்டத்தின்போது திரையின் மேல் மூலையில் தெரியும் அதே பெயருள்ள பொத்தானையும் இயக்க வேண்டும். அமைப்பில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பொத்தானை விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. எதிரொலி நீக்கியையும் அணைத்தால் சுருதி முழுமையாகக் கேட்கும். ஆனால் பாடுபவர் கட்டாயம் ஹெட்போன் அணிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் முழுவதற்கும் எதிரொலி கிளம்பும். உயர்தர இசை முறையில் ஒற்றைத் தடத்துக்கு விநாடிக்கு 96 கிலோபிட், ஸ்டீரியோவுக்கு 192 கிலோபிட் போகும். வீட்டு வைஃபை தடுமாறினால் ஸ்டீரியோவை விட்டுவிடலாம். பெரும்பாலோர் செல்பேசியில் கேட்கும் கூட்டத்தில் அதனால் ஒரு குறையும் வராது.

கணினி ஒலியைப் பகிரும்போது கணினியில் எழும் எல்லா ஒலியும் போகும் என்பதை மறக்கக் கூடாது. வாட்ஸ்அப் மணி, மின்னஞ்சல் மணி எல்லாம் கூட்டம் முழுக்கக் கேட்கும். 'டூ நாட் டிஸ்டர்ப்' இயக்கிவிட்டுத் தொடங்குங்கள். யூடியூபிலிருந்து நேராக ஓட்டாதீர்கள். அஞ்சலிக் கூட்டத்தின் நடுவே சலவைத்தூள் விளம்பரம் வந்து விழுந்தால், வந்தவர்கள் மனம் எவ்வளவு புண்படும்! கோப்பாகக் கைவசம் வைத்திருப்பதுதான் வழி. இன்னொன்று: ஜூமில் ஒரு நேரத்தில் ஒருவரே பகிரலாம் என்றுதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். பேச்சாளர் தம் ஸ்லைடுகளைப் பகிரத் தொடங்கியதும் உங்கள் இசை பட்டென்று அறுந்துவிடும். ஆகவே, அவரை அழைக்கும் முன்பே ஐந்தாறு விநாடிகளில் மெல்லக் குறைத்து முடித்துவிட வேண்டும். குறைப்பதற்கு விஎல்சி போன்ற பிளேயரின் ஒலிப்பட்டையைப் பயன்படுத்துங்கள். கணினியின் பொது ஒலியளவைத் தொட்டால், உங்களுக்குக் குறைந்தும் மற்றவர்களுக்குக் குறையாமலும் இருக்க வாய்ப்புண்டு.

எந்த இசை? இங்கேதான் அமைப்பாளர்கள் நேரம் செலவிட வேண்டும். வாய்ப்பாட்டு வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் வந்தவர்கள் 'எப்படி இருக்கீங்க, ஊர்ல மழையா' என்று பேசிக்கொள்வார்கள், சாட்டில் எழுதுவார்கள். சொற்கள் உள்ள பாட்டு அதோடு மோதும். சினிமாப் பாட்டை வாத்தியத்தில் வாசித்த பதிவுகளும் அதே சங்கடம்தான். வாத்தியம் மெட்டை எடுத்ததும் கேட்பவர் மனத்துக்குள் வரிகள் ஓடத் தொடங்கிவிடும், அதன்பின் அவர் கவனம் பாட்டில்தான்.

வாத்தியங்களில் வீணை, புல்லாங்குழல், வயலின் மூன்றும் செல்பேசி ஸ்பீக்கரில் ஓரளவு முழுமையாக வரும். அதில் ஏறக்குறைய 300 ஹெர்ட்சுக்குக் கீழே உள்ள ஒலி பெரும்பாலும் வருவதே இல்லை. மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மட்டும் தட்டையாகக் கேட்கும், இடப்பக்கமான தொப்பியின் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி காணாமல்போகும். புல்லாங்குழலின் மேல்ஸ்தாயியை மலிவான இயர்போனில் கேட்டால் காது கூசும். மத்திய ஸ்தாயியில் நின்று வாசித்த பதிவாகப் பாருங்கள். நாகசுரம் மங்கல வாத்தியம், அதை விட மனம் வராது. ஆனால் திறந்தவெளிக்கென்றே ஆன அந்தக் கம்பீரம் சின்ன ஸ்பீக்கரில் இரைச்சலாகிவிடும். சங்கத்தின் ஆண்டு விழாவில் முதல் ஒரு நிமிடம் முழு ஒலியில், எல்லோரும் அதைக் கேட்பதற்காகவே போடுங்கள். பின்னணியாக வேண்டாம்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அமைந்த கிருதியைவிட, ராகத்தை மட்டும் விரித்து வாசிக்கும் ஆலாபனையே இந்த வேலைக்குப் பொருத்தம். கூட்டம் எந்த நொடியில் தொடங்கும் என்று முன்கூட்டித் தெரியாது. தலைவர் இணைந்துவிட்டார், இனி ஆரம்பிக்கலாம் என்றால் உடனே நிறுத்தியாக வேண்டும். கிருதியை அனுபல்லவியில் வெட்டினால் சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சங்கடம். தெரியாதவர்களுக்கும் ஏதோ அறுந்தது என்று தோன்றும். ஆலாபனையில் தாளக்கட்டு இல்லை. ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ வந்து நிற்கும் இடங்கள் அடுத்தடுத்து வரும். அப்படி ஓரிடத்தில் மெல்லக் குறைத்தால் இயல்பாக முடிந்ததுபோல் இருக்கும். இணைய வேகம் குறைந்து ஒலி சற்று விட்டுவிட்டு வந்தாலும், தாளம் இல்லாததால் ஆலாபனையில் அது அவ்வளவாக உறுத்தாது.

ராகத்தில் நம் மரபே வழிகாட்டும். தொடக்கத்துக்கு ஹம்சத்வனி, மோகனம், நிறைவுக்கு மத்தியமாவதி. காலை அமர்வென்றால் பூபாளம். பிற்பகல் மூன்று மணி அமர்வின் இடைவேளைக்கு நீலாம்பரி கூடாது. தாலாட்டு ராகம் அது, சாப்பிட்ட களைப்போடு இருப்பவர்களை இன்னும் தளர்த்தும். வாழ்த்துக் கூட்டத்தில் சோகம் ததும்பும் முகாரியோ சுபபந்துவராளியோ போட்டுவிடாதீர்கள். பதிவின் பெயரை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், ராகம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

தேர்ந்தெடுத்த கோப்புகளை ஒரே ஒலியளவுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய பதிவு முனகும், புதிய பதிவு அலறும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' என்ற விளைவு இருக்கிறது. அதில் −23 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) என்று வைத்தால் வரவேற்பு இசைக்குப் போதுமானது. முதல் 3 விநாடி எழுவதும் கடைசி 8 விநாடி அடங்குவதுமாக 'ஃபேட்' செய்து சேமியுங்கள். பிறகு, இதைத் தவறாமல் செய்ய வேண்டும்: இன்னொரு செல்பேசியில், வேறு அறையிலிருந்து, மொபைல் டேட்டாவில் அதே கூட்டத்துக்குள் நுழைந்து கேட்டுப் பாருங்கள். உங்கள் கணினியில் நீங்கள் கேட்பது மற்றவர்கள் கேட்பது அல்ல. அதைத் தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான சோதனை இல்லை.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான். மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 60 நிமிடம். இசை ஓடும் நேரமும் அதில் கழியும். பத்து நிமிட வரவேற்பு இசை ஜூமில் கால் பங்கைத் தின்றுவிடும். இலவசக் கணக்கென்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜூமின் காத்திருப்பு அறையில் இருப்பவர்களுக்குக் கூட்டத்தின் ஒலி கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்தைப் பின்னணி இசைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 1970 முதல் அரசு விழாக்களில் பாடப்பட்டு, 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது அது. முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று அந்த ஆணை சொல்கிறது. அந்த 55 விநாடியும் வேறு ஒலி எதுவும் இருக்கக் கூடாது. எல்லோரும் சேர்ந்து பாடட்டும் என்ற ஆசையில் அனைவரது மைக்கையும் திறந்துவிடுகிறார்கள், அது நிச்சயம் கெட்டுப்போகும். சேர்ந்து பாடுபவர்களுக்கிடையே தாமதம் 30 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் தாளம் நிற்கும். இணையத்தில் அது சாதாரணமாக 100 மில்லி விநாடியைத் தாண்டிவிடும். ஒவ்வொருவரும் மற்றவருக்காகக் காத்திருக்க, பாட்டு இழுத்துக்கொண்டே போகும். பயிற்சியுள்ள ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் இடத்தில் எழுந்து நின்று உடன் பாடுவதே முறை.

இரங்கல் கூட்டத்தில் மௌன அஞ்சலிக்கு இசை வேண்டாம். ஆனால் இணையத்தில் திடீர் மௌனம் வந்தால் தொடர்பு அறுந்துவிட்டது என்று எண்ணி வெளியேறி மறுபடி நுழைவார்கள். 'ஒரு நிமிட மௌன அஞ்சலி' என்று எழுதிய படத்தை முதலில் திரையில் காட்டிவிட்டு, வாயால் அறிவித்து, எல்லோர் மைக்கையும் அணைத்த பிறகு தொடங்குங்கள்.

அடுத்தது உரிமை. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி கீர்த்தனைகளுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. மூவருமே 19ஆம் நூற்றாண்டில் மறைந்தவர்கள். ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒரு வித்வான் வாசித்த பதிவு வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை இசைக்கும், வெளியானது முதல் 60 ஆண்டுகள் வரை ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு. 'பழைய பாட்டுத்தானே' என்று எடுத்துப் போட்டுக் கூட்டத்தைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றினால், கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி ஏற்பாடு அதைக் கண்டுபிடிக்கும். விளம்பர வருவாய் உரிமையாளருக்குப் போகலாம், சில நாடுகளில் காணொலியே முடக்கப்படலாம். நல்ல உரை ஒன்று முன்னால் இருந்த மூன்று நிமிட இசைக்காக முடங்குவது வேதனையானது. இசை நின்ற பிறகு பதிவுப் பொத்தானை அழுத்தினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. பதிவாகிவிட்டிருந்தால் யூடியூப் ஸ்டுடியோவிலேயே அந்தப் பகுதியை வெட்டிவிடலாம். ஆனால், பதிவு செய்யவில்லை என்பதால் மட்டும் பிறர் பதிவைப் பொதுக் கூட்டத்தில் ஒலிபரப்பும் உரிமை வந்துவிடாது. சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்தப் படைப்பாளியே அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமம் உள்ள இசையென்றால், கலைஞர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் திரையில் காட்டுங்கள். மாற்றியமைக்கக் கூடாது என்று பொருள்படும் 'என்டி' என்ற குறி இருந்தால் அதைக் காணொலியில் சேர்க்க அனுமதி இல்லை.

இதற்கெல்லாம் மேலான வழி, உங்கள் ஊர் வீணை, புல்லாங்குழல் கலைஞர் ஒருவரிடம் பணம் கொடுத்துப் பத்து நிமிட ஆலாபனை வாங்குவது. எந்தக் கூட்டங்களில் ஒலிபரப்புவோம், யூடியூபில் ஏற்றுவோமா, பெயரை எப்படிப் போடுவோம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் வருமானம், உங்களுக்கும் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

இதையே அரசு பெரிய அளவில் செய்யலாம் என்பது எங்கள் வேண்டுகோள். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. மாவட்டங்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கு பயிலும் மாணவர்களைக் கொண்டு, அவர்களுக்கு மதிப்பூதியம் தந்து, ராகத்துக்கு ஒன்றாகப் பத்து நிமிட ஆலாபனைகளைப் பதிவுசெய்து வெளியிட வேண்டும். பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி பிஒய் உரிமம் போதும். பதிவுகள் 48 கிலோஹெர்ட்சில், ஒரே ஒலியளவில், தொடக்கமும் முடிவும் ஃபேட் செய்யப்பட்டு, கோப்பின் பெயரிலேயே ராகமும் வாத்தியமும் வாசித்தவர் பெயரும் இருக்குமாறு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் வைக்கப்பட்டால், உலகெங்கும் உள்ள தமிழ் அமைப்புகள் எடுத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
இணைய நிகழ்ச்சி ஒலி அமைப்பாளர்கள்,
திருச்சி